அரை நிமிடத்துக்கு ஒரு 'டக்'

கோடம்பாக்கம், 1974. காலை 11.15.

ஃபிலிம் கழுவும் லேபின் முதலாளி நல்லசிவம் போட்ட சத்தத்தில் மேம்பாலம் ஓர் அங்குலமாவது நகர்ந்திருக்கும். மூவாயிரம் அடி கலர் நெகட்டிவ் பாழ்! படம் மெல்ல வெளிறி, சட்டென்று தெளிந்து, மறுபடி வெளிறியிருந்தது.

"ஏலே அம்மாசி! பன்னெண்டு மணிக்குப் போலீசைக் கூப்பிடுதேன். உன் வேலை போச்சுல!"

"நான் இன்னா பண்ணேன் மொதலாளி? இருட்டு ரூம்புலதான இருந்தேன்!" மிஷின் ஓட்டும் அம்மாசி கையெடுத்துக் கும்பிட்டான்.

நெகட்டிவ் வெட்டும் பங்கஜத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கனவிலும் ஃபிரேம் எண்ணுகிறவள் அவள். கையுறையோடு சுருளை அளந்தாள். முதல் அறுநூறு அடி சுத்தம். அப்புறம் முந்நூறு அடிக்கொரு முறை வெளிறல்.

"மிஷின் நிமிஷத்துக்கு எத்தனை அடி?"

"அறுவது, அக்கா. பத்து மணிக்கு ஓட்ட ஆரம்பிச்சேன்."

11.30. நடைவழிக்கு ஓடினாள். அங்கே இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒன்று ரசாயனத்தின் சூட்டைப் பார்க்கும். மற்றது அதற்கேற்ப மிஷின் வேகத்தை மாற்றும். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை முதல் பெட்டி இரண்டாவதற்குச் சேதி சொல்லும். சொல்லும்போதெல்லாம் மாம்பலம் ஸ்டேஷன்வரை கேட்கிற மாதிரி ஒரு 'டக்'.

முதல் பெட்டியின் இடைவெளிக் குமிழ் அரை நிமிடத்தில் இல்லை, ஐந்து நிமிடத்தில் நின்றது! சூடு மாறியது மிஷினுக்கு ஐந்து நிமிடம் கழித்தே தெரிந்திருக்கிறது.

"இவன்தான் திருகியிருக்கான்!" என்றார் நல்லசிவம்.

"அறுநூறு அடி சுத்தம்னா, திருகினது பத்து பத்துக்கு. அப்ப இவன் இருட்டு ரூம் கதவைத் திறந்திருந்தா, வெளிச்சம் பட்டு மொத்தச் சுருளும் கருத்திருக்குமே சார்."

பக்கத்து ஒலிப்பதிவு அறையிலிருந்து டீயோடு எட்டிப் பார்த்தார் ரிக்கார்டிஸ்ட் இனாயத். "இன்னா ரகளை? நான் குஷியா கீறேன். பதினோரு நாளா இழுத்த வசனம் இன்னிக்கு ஒரே டேக்ல ஓகே!"

பங்கஜம் திரும்பினாள். "பதினோரு நாளா ஏன் பாய் ஓகே ஆகலை?"

டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"இன்னிக்கு எடுத்த டேப்பை முதல்லேர்ந்து போடுங்க."

11.50. டேப் சுழன்றது. வசனம். 'டக்'. அரை நிமிடம். மறுபடி 'டக்'. பிறகு இனாயத்தின் குரலே: "சனியனே, இரு, வர்றேன்!" கதவுச் சத்தம். அதன்பின் நிமிடக்கணக்கில் வசனம் மட்டும்; 'டக்' இல்லை.

"சத்தம் கொறஞ்சா போதும்னு திருகிட்டேம்மா," இனாயத்தின் முகம் தொங்கியது. "அந்தாண்ட படம் போவும்னு அல்லா சத்தியமா தெரியாது!"

பங்கஜம் குமிழை அரை நிமிடத்துக்குத் திருப்பினாள். தன் நாற்காலி மெத்தையைக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் திணித்தாள்.

12.00. அரை நிமிடம் போயிற்று. பெட்டி சேதி சொன்னது; 'டக்' மட்டும் கேட்கவில்லை. நல்லசிவத்தின் கத்தல்தான் கேட்டது. இந்தத் தடவை அதில் அம்மாசியின் பெயர் இல்லை.