தொம்பைக்குள் வைத்த பம்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். இது காற்றுவாக்கில் வந்த புரளி இல்லை. அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குள் இருந்தவர் வாயாலேயே கேட்டது. சொன்னவர் இடையில் ஒரு தடவைகூட மூச்சு வாங்க நிற்கவில்லை. முழுவதையும் ஒரே இழுப்பில் சொல்லி முடித்தார்.

தீர்த்தம்மாளுக்கு நெஞ்சு அடைப்பது புதிதல்ல. சித்தேரி மலையடிவாரத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறிப் போகிற தூரத்தில், அவளும் புருஷன் முனிராஜும் மட்டும் இருக்கிற வீடு. களத்தில் கேழ்வரகு அடித்தால் இரைக்கும். பனி இறங்கினால் இரைக்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இவள் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரி டாக்டரம்மா மூச்சுக்கு இழுக்கிற பம்பு இரண்டு கொடுத்திருந்தார். காப்பிக்கலர் பம்பு தினமும் காலையும் மாலையும். உடம்பு நன்றாக இருந்தாலும் விடக்கூடாது, உள்ளே இருக்கிற வீக்கத்தை அடக்குவது அதுதான். நீலம் அவசரத்துக்கு. குலுக்க வேண்டும், மூச்சை முழுசாக விட வேண்டும், வாயில் வைத்து அழுத்தி மெதுவாக இழுக்க வேண்டும், பத்து எண்ணுகிற வரை அடக்க வேண்டும்.

தீர்த்தம்மாளுக்கு நீலத்தின் மேல்தான் பாசம். அடித்த உடனே நெஞ்சு விடும். காப்பிக்கலரை இழுத்தால் என்ன தெரியப் போகிறது என்று அதை வாயில் வைக்கவே இல்லை. இரண்டையும் சூடு படாத இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். சிமெண்ட் சீட் போட்ட அந்த வீட்டில் சூடு படாத இடம் ஒன்றுதான்: மூலை அறையில் மூங்கிலால் பின்னி, சாணி மெழுகி, ஆளுயரத்துக்கு நிற்கிற கேழ்வரகுத் தொம்பை. கேழ்வரகில் புதைத்த முட்டை கெடாது. அதனால் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே பம்புகளையும் புதைத்தாள். மூச்சுக்கான மருந்தைக் கொண்டுபோய்த் தூசிக்குள் வைத்தாள்.

இந்த முறை போனபோது டாக்டரம்மா காப்பிக்கலர் பம்பைத் திருப்பி, அதன் முதுகில் மீதி மருந்தைக் காட்டுகிற எண்ணைப் பார்த்தார். பூஜ்யம்.

“ஒரு வேளை விடாம இழுத்திருக்கீங்க. அப்புறம் ஏங்க நெஞ்சு இப்பிடி விசிலடிக்குது?”

அந்தப் பம்பைத் தீர்த்தம்மாள் ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

புதிதாக இரண்டு பம்பு கொடுத்து, நீலத்தை அடித்தும் நெஞ்சு விடவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் நூற்றெட்டுக்குப் போன் பண்ணச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தபோது முனிராஜ் புளிமூட்டையோடு காரிமங்கலம் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பம்பை நீயா இழுத்தாய் என்று கேட்டாள்.

“பீடி இழுக்கவே எனக்கு நேரமில்ல, இது வேறயா. எலி கிலி அழுத்தியிருக்கும் புள்ள.”

எலி அழுத்தும். குலுக்குமா?

அவன் போன பிறகு பழகின கை தன் பாட்டுக்குத் தொம்பையின் மூடியை நகர்த்தி, புதுப் பம்புகளைக் கேழ்வரகில் புதைத்துவிட்டு வந்தது. பொழுது சாய்ந்தது. யாரோ காட்டில் சருகு கொளுத்திய புகையும், அடித்துப்போட்ட கேழ்வரகுத் தட்டையின் புழுங்கல் வாசனையும், மலையிலிருந்து இறங்கிய பனியும் ஒன்றாகக் கலந்து சன்னல் வழியாக வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தன. கரண்டு போயிற்று. நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் மெல்லத் தொடங்கி, ஒன்று இரண்டாகி, கூண்டில் அடைத்த குஞ்சுகள் போலக் கீச்சிட்டது. அவள் சுவரைத் தடவிக்கொண்டு மூலை அறைக்கு நடந்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டக், டக், டக். தொம்பைக்குள் எதையோ குலுக்குகிற சத்தம்.

பிறகு ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. பிறகு ‘சுஸ்’. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அமைதியை அவளுக்குத் தெரியும். அவளை அறியாமலே எண்ணினாள். சரியாகப் பத்தில் உள்ளே மூச்சு விடப்பட்டது. நிதானமான மூச்சு. கீச்சில்லை, அடைப்பில்லை. பிறந்தது முதல் தீர்த்தம்மாள் ஆசைப்பட்டும் கிடைக்காத மூச்சு. மூடி இடுக்கு வழியாக அது அவள் முகத்தில் பட்டது. மருந்து வாசனை. அதன் அடியில், நாள்பட்ட தானியத்தின் மக்கல்.

ஓடியிருப்பாள். ஓட மூச்சு வேண்டும்.

போனை எடுத்து நூற்றெட்டை அழுத்தினாள். எந்த ஊரிலிருந்து பேசறீங்க என்று ஒரு பெண் கேட்டாள். ஊர்ப் பெயர் தொண்டையைத் தாண்டவில்லை. ஹலோ, ஹலோ என்றாள் அந்தப் பெண். போன் நழுவி, வெளிச்சம் மேலே பார்க்க விழுந்தது. விலா எலும்புகள் உள்ளே இழுத்தன. உதடு மரத்தது. நீலம் வேண்டும். நீலம் அதற்குள் இருக்கிறது.

திருகைக்கல் மேல் ஏறினாள். மூடியை நகர்த்தினாள். கையை விட்டாள்.

கேழ்வரகு சூடாக இருந்தது. ஆள் படுத்து எழுந்த பாய் போல.

முட்டை. முட்டை. பம்பு இல்லை.

டக், டக், டக்.

ஒரு கை மேலே வந்தது. ஒல்லியான கை. தோல் முழுக்கக் கேழ்வரகு அப்பியிருந்தது. அதில் நீலப் பம்பு. அதை அவள் உதட்டில் வைத்தது. ஈரமாக இருந்தது. அழுத்தியது. அவள் இழுத்தாள். வேறு வழியில்லை. நெஞ்சு கொஞ்சம் திறந்தது. அந்தக் கை பம்பை எடுத்துவிட்டு அவள் வாயையும் மூக்கையும் பொத்தியது.

அடக்கு.

இன்னொரு கை மேலே வந்து, அவள் கண்முன் ஒவ்வொரு விரலாக மடக்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கூடவே எண்ணினாள். ஏழு. எட்டு. அதே ஒற்றைக் கையில். ஒன்பது. பத்து.

பொத்திய கை நகரவில்லை.

பதினொன்று. பன்னிரண்டு. மடங்காத விரல்கள் இன்னும் நிறைய இருந்தன.

அன்று அந்த வீட்டில் நடந்ததைத் தீர்த்தம்மாள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.