கைப்பிடி இல்லாத வீடு

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அந்தக் கோடுதான். கூடத்தின் நீளச் சுவரில், கூரையிலிருந்து தரை வரை, நகக்கண் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு. இந்த வீட்டுச் சுவரில் கோடு தெரிந்தால் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். ஆனால் அந்த இடத்தில் கதவு கிடையாது. பலகைக்குப் பின்னால் செங்கல், செங்கல்லுக்குப் பின்னால் பக்கத்துக் கட்டடம். அவ்வளவுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மறுபடியும் எதையோ செஞ்சு வச்சிருக்காரு," என்று பல்லைக் கடித்தாள். பையை மாட்ட ஓர் ஆணி தேடி, இந்த வீட்டில் ஆணியும் கிடையாது என்பது நினைவுக்கு வந்து, தோளிலேயே விட்டுவிட்டாள்.

அவளுடைய கணவன் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவன். சொந்த வீடுதான் அவனுடைய மாதிரி வீடு. கூடம் முழுக்க ஒரே மரப்பலகைச் சுவர். அலமாரி, குளியலறை, மகளின் அறை, செருப்பு, துடைப்பம், குடும்பம் எல்லாமே அந்தச் சுவருக்குப் பின்னால். எதற்கும் கைப்பிடி இல்லை. சரியான இடத்தில் விரலை வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் விசை 'டிக்' என்று கதவை வெளியே தள்ளிவிடும். வாடிக்கையாளர்களைக் கூட்டிவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தி, "எங்க கதவு இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பான். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவனுக்கு அதில் அப்படியொரு குஷி.

"கோபம் வந்தா நான் எந்தக் கதவைப் படார்னு சாத்துறது? அதுக்காவது ஒரு கைப்பிடி வையுங்களேன்" என்று ஒருமுறை கேட்டாள்.

"சாத்தவே முடியாது. மெதுவா அதுவா மூடிக்கும். சத்தமே வராது" என்றான் பெருமையாக. அவள் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டான்.

கண்ணாமூச்சி ஆடிய மகள் போர்வை அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட நாளில் அவள் சிரிக்கவில்லை. விசையை வெளியே இருந்துதான் அழுத்த முடியும். வெளியே எடுத்தபோது குழந்தைக்கு அழக்கூடத் தொண்டையில் குரல் மிஞ்சியிருக்கவில்லை. "உள்ள இருந்து எப்படிங்க திறக்கிறது?" என்று கத்தினாள். "அலமாரிக்குள்ள எதுக்குப் போகணும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அதன்பின் வெகுநாள் அவள் அவனோடு பேசவில்லை. வீடு இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று அவன் யாரிடமோ போனில் சொல்வதைக் கேட்டாள்.

நகரத்துக்கே இந்த நோய்தான். பேருந்து நிறுத்தத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று சரித்துப் போட்ட இருக்கைகள், திறக்காத கண்ணாடி ஜன்னல்கள், வாசல் எது பின்புறம் எது என்று சொல்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் இழுப்பறை ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு, அதன்மேல் பெயர் உண்டு. ஒரு பொருள் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வீடு கட்டும் இவர்களுக்கு ஏன் இத்தனை வெட்கம்?

"அம்மா."

சுவரிலிருந்து வந்தது.

பள்ளி வண்டி வரும் நேரம்தான். வேறு வீடாக இருந்தால் வாசலில் கிடக்கும் காலணியும் நாற்காலியில் வீசியெறிந்த பையும் பிள்ளை வந்துவிட்டதைச் சொல்லும். இங்கே எதுவும் எதையும் சொல்லாது. செருப்பு அலமாரி இருக்கும் இடத்தை அழுத்தினாள். பலகை அசையவில்லை. கொஞ்சம் தள்ளி அழுத்தினாள். அசையவில்லை. மகளின் அறைக் கதவுக்கு ஓடி, தினமும் அழுத்தி அழுத்திப் பளபளப்பு மங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். பாறையைத் தள்ளுவதுபோல இருந்தது.

கணவனைப் போனில் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டித்தான். வாடிக்கையாளரோடு இருந்தால் அப்படித்தான் செய்வான். போனைப் பைக்குள் போட்டாள்.

"குட்டி! எங்கடி இருக்க?"

"இங்கதாம்மா."

"இங்கன்னா எங்க?"

"உள்ள."

கோட்டுக்குப் பின்னாலிருந்துதான். புது அலமாரி. அவளிடம் சொல்லாமல் சுவரைக் குடைந்து இன்னொரு பெட்டி செய்திருக்கிறான். அதற்குள் பிள்ளை மாட்டிக்கொண்டிருக்கிறது. கோபத்தில் காது இரண்டும் சுட்டன. இன்று இரவு ஒரு சுத்தியலை எடுத்து இந்த வீட்டின் ஒவ்வொரு பலகையையும் பிளந்துவிட்டுத்தான் மறுவேலை என்று நினைத்துக்கொண்டே விரல் நுனிகளைக் கோட்டுக்குள் நுழைத்தாள். கதவு தடையில்லாமல் வந்தது. உள்ளே புதுப் பசையின் வாடை, சீவிய மரத்தின் வாடை, அவற்றுக்கு அடியில் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஈரத்தின் வாடை. அலமாரிக்கான தட்டுகள் இல்லை. இருட்டு பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"பயப்படாத குட்டி. அம்மா வந்துட்டேன்."

"எனக்கு பயமில்லம்மா. நிறைய இடம் இருக்கு."

செங்கல் எங்கே போயிற்று என்ற எண்ணம் வந்தது. பிள்ளையின் குரல் அதைத் தள்ளிவிட்டது. பையைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்து வைத்தாள். குனிந்து உள்ளே போனாள். ஓரடி. இன்னோர் அடி. இருட்டில் ஒரு சிறு கை அவள் விரல்களைப் பற்றியது. சில்லென்று இருந்தது.

"வா, போலாம்" என்று திரும்பினாள்.

கதவு மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. பையை ஒரு பூனையைத் தள்ளுவதுபோல உள்ளே தள்ளிவிட்டு மூடியது. சத்தமே வரவில்லை.

பாய்ந்து தடவினாள். வழவழப்பு. மேலே, கீழே, ஓரத்தில். வழவழப்பு. பிடிக்க ஏதுமில்லை. பையைத் தேடிக் காலால் துழாவினாள். பை இல்லை. சுவரை முட்டியால் குத்தினாள், தோளால் இடித்தாள். அடி விழும் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. பலகைக்குப் பின்னால் சத்தத்தை விழுங்கும் பஞ்சு வைத்திருப்பதை அவன் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான்!

அப்போது வெளியே வாசல் கதவு திறந்தது. அவன் குரல், நடுவில் பலகையே இல்லாததுபோலத் தெளிவாக. கூடவே ஓர் அந்நிய ஆணின் குரல். அவளுக்கு மூச்சு வந்தது. கை வலிக்கும்படி பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அம்மா எங்கப்பா?"

சளி பிடித்த குரல். காலையில் அவள் மருந்து கொடுத்து அனுப்பிய குரல். பள்ளிப்பை தரையில் தொப்பென்று விழுந்தது.

"எங்கயாவது இங்கதான் இருப்பா. உன்ன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேன்னு சொல்ல மறந்துட்டேன், திட்டப் போறா." அவன் சிரித்தான். "சார், நீங்க இப்படி நடுவுல நில்லுங்க. எங்க கதவு இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

அவள் முகத்துக்கு நேராக, பலகையின் அந்தப் பக்கம், யாரோ விரலை மடக்கித் தட்டினார்கள்.

"இங்க கெட்டியா இருக்கே."

"அங்க எதுவும் இல்ல சார். பின்னாடி செங்கல்தான்."

காலடிகள் நகர்ந்தன.

அவள் பற்றியிருந்த கை பிடியைத் தளர்த்தியது. போகவில்லை. ஒரு சிறு விரல் அவள் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தது. பிறகு மணிக்கட்டை. முழங்கையை. தோளை. அவசரப்படாமல். எங்கே அழுத்தினால் திறக்கும் என்று தேடும் விரல்.

விலா எலும்புக்குக் கீழே வந்து நின்றது. அழுத்தியது.

டிக்.