இறக்கைக்குள் ஒரு டிரெயினி

"உள்ள ஆள் செத்துக் கிடக்கு..."

அலறல் ஹேங்கரின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது.

அலறியவர் ஷரீஃப். ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் விமானங்களைப் பழுது பார்க்கும் அந்த ஹேங்கரின் சீனியர் இன்ஜினியர். வழக்கமாகப் பிறரை அலற வைப்பதுதான் அவர் வேலை.

பிணம் இன்னும் கிடைக்கவில்லை.

கிரைம் கதை என்றால் முதல் வரியிலேயே கிடைத்திருக்க வேண்டும். மன்னிக்கவும். விமானத்தின் இறக்கைக்குள் இருக்கிற எரிபொருள் டேங்க்கில் பிணம் தேடுவது அத்தனை சுலபமில்லை.

ஹிமபிந்து வந்து சேர்ந்தபோது இறக்கைக்கு அடியில் கூட்டம். மே மாத வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்தவள், முகத்தில் சுற்றிய துப்பட்டாவை அவிழ்க்கக்கூட இல்லை. கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு. கோடை விடுமுறைப் பயிற்சியின் கடைசி நாள். ஷரீஃப் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் இல்லாவிட்டால் கல்லூரியில் நான்காம் ஆண்டுக்கு விடமாட்டார்கள்.

நேற்றுக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்...

"உன்னைப் பத்தி எழுத என்னம்மா இருக்கு? இங்க நீ ஒழுங்கா செஞ்சது மிர்ச்சி பஜ்ஜி தின்னது ஒண்ணுதான்."

ஹிமபிந்து கூட்டத்தைப் பிளந்து முன்னால் போனாள்.

"யாதகிரி அண்ணா, என்ன ஆச்சு?"

துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் பானைக்குள் பேசுவது போல வந்தது. மெக்கானிக் யாதகிரி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் டேங்க்கின் வாயிலேயே இருந்தது. தோளைக் குறுக்கினால் ஒரு ஆள் நுழையலாம். பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது.

"அட்டை தொங்குதுல்ல. உள்ள போறவங்க மாட்டிட்டுப் போறது. வெளிய வந்தா அவங்களேதான் கழட்டணும். வேற ஒருத்தர் கை வைக்கக் கூடாது. அட்டை இருந்தா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். டேங்க்கை மூடக் கூடாது."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"தொண்டையே போச்சு. உள்ள இருக்கற எரிபொருள் ஆவி அப்படி. மயக்கம் வர்றதே தெரியாது. பாடிட்டே செத்தவன்லாம் இருக்கான்."

கெரசின் வாடை மூக்கில் அறைந்தது.

அட்டையில் பெயர் இல்லை. 'டிரெயினி' என்று மட்டும் இருந்தது.

ஹிமபிந்து கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

டிரெயினிகள் இரண்டே பேர். அவள்... அப்புறம் ருத்விக்.

ருத்விக்கை எங்கும் காணோம்.

"ஐயோ... நேத்துதான் அவனை எருமைக்கடான்னு திட்டினேன்."

"சும்மா இரும்மா. சார் போன்ல பேசறார்."

ஷரீஃப் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். குரல் கரகரத்தது.

"ஆமா சார்... ரெஸ்க்யூ ஆளுங்க ஆக்ஸிஜன் சிலிண்டரோட வந்துட்டிருக்காங்க. பிழைச்சிருக்க வாய்ப்பே இல்ல சார், ராத்திரி பூரா உள்ள இருந்திருக்கு. போனும் எடுக்கல... எப்படிப்பட்ட புத்திசாலி தெரியுமா? நம்ம ஹேங்கருக்கு இப்படி ஒரு டிரெயினி வந்ததே இல்ல. சொல்லி முடிக்கறதுக்குள்ள வேலையை முடிச்சிடும்."

ஹிமபிந்து அழுதாள். அந்தச் சோம்பேறிக்கு இத்தனை பாராட்டா என்று நடுவில் கொஞ்சம் எரியவும் செய்தது.

"இவ்வளவு பொறுப்பு இந்த வயசுல யாருக்கு வரும் சார்... அதுவும் பொம்பளப் புள்ள."

அழுகை நின்றது.

பொம்பளப் புள்ளயா..?

நேற்று மாலை ஒரு டார்ச் லைட் டேங்க்கின் குறுகலான கோடிக்கு உருண்டு போய்விட்டது. ஹேங்கரில் இருந்த எந்தத் தொப்பையும் அத்தனை தூரம் நுழையவில்லை. ஷரீஃப் அவளைப் பார்த்தார். "நீதான் குச்சி மாதிரி இருக்க. எடுத்துட்டு வா."

முழங்கால் தேய ஊர்ந்து போய் எடுத்து வந்தாள். தோலெல்லாம் அரிப்பு. குளித்தால் போதும் என்று வீட்டுக்கு ஓடினாள்.

அட்டையைக் கழற்றாமல்.

ருத்விக் வழக்கம் போல இன்னும் வந்து சேரவில்லை. அவள் போன் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் கிடந்தது. போனுக்குச் சொந்தக்காரி, தன் பிணத்தைத் தானே தேடிக்கொண்டு, கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தாள்.

துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"சார்..."

"மைசம்மா தாயே..." யாதகிரி இரண்டடி பின்னால் போனார்.

ஷரீஃப் போனை அப்படியே துண்டித்தார். அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. மூச்சு சீரானதும் முகம் மாறியது.

"அறிவிருக்கா உனக்கு? மத்தியானம் கிளம்ப வேண்டிய பிளைட் இது. ஊரையே கூட்டி வெச்சிருக்கேன். சர்டிபிகேட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அட்டையைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவள் கை அட்டை வரை போனது.

நின்றது.

"கழட்டறேன் சார். மேலிடத்துல கேட்டா என்ன சொல்லட்டும்?"

"மறந்துட்டேன்னு சொல்லு."

"டிரெயினியை டேங்க்குக்குள்ள அனுப்பினது யாருன்னு கேப்பாங்களே. எங்களை விடவே கூடாதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கு."

எங்கோ ஒரு கம்ப்ரஸர் இரைந்து ஓய்ந்தது.

"யாதகிரி... நீ கழட்டு அதை."

"என் அட்டை இல்லையே சார்." யாதகிரி இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

ஷரீஃபின் போன் அடித்தது. அவர் ஹிமபிந்துவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"சார்... ஒண்ணுமில்ல சார். ஒத்திகைதான். ஆமா, அவசர ஒத்திகை... அழுதேனா? ஒத்திகைன்னா தத்ரூபமா இருக்க வேண்டாமா சார்?"

வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

"என்னம்மா எழுதணும்?"

"போன்ல சொன்னீங்களே சார்... அதை அப்படியே."

பேனா முனை உடைந்துவிடும் போல அழுத்தி எழுதினார். கையெழுத்துப் போட்டார். நீட்டினார்.

ஹிமபிந்து அட்டையைக் கழற்றினாள். சர்டிபிகேட்டை வாசித்தாள். புத்திசாலி... பொறுப்பு... எல்லாம் இருந்தது.

"சார்... கடைசி வரியில 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு இருக்கே?"

"இருக்கட்டும்மா. அது உன்னை வேலைக்கு எடுக்கப் போற கம்பெனிக்கு."