நகராத எண்ணெய்த் துளி

"கழட்டுடி அந்தத் தோட்ட! இப்பவே கழட்டு!"

"மாட்டேன் பைகே! என் காதுல போட்டுவிட்டது அவங்க அம்மா. கழட்டச் சொல்ல நீ யாரு?"

எங்கள் நரின் ஊரில் மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குத் தோடு போட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதை பைகே, அதாவது அண்ணன் டொலோத், தன் தங்கை நுர்ஜாத்திடம் திருப்பிக் கேட்டது வானிலை நிலையத்து வாசலில். தெரு முழுக்கக் கேட்டது. எங்களுக்கும் வேறு வேலை இருக்கவில்லை. ஆற்றிலிருந்து எழுந்த ஆவி பாப்ளர் மரங்களை விழுங்கிவிட்டு, வீடுகளைப் பாதித் தூக்கத்தில் மிதக்கவிட்டிருந்தது.

வெப்பமானி பார்க்கும் சய்ரா எஜே, ஊருக்கே அக்கா, தேநீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். ஊரில் என்ன காணாமல் போனாலும் அவளிடம்தான் வருவார்கள். பின்னாலேயே ரொட்டி சுடும் மமிர், மாவுக் கையோடு.

"எஜே, என் வேன் அந்தா எதிர்ல செத்துக் கெடக்கு," என்றான் டொலோத். "பிஷ்கெக் போக பன்னெண்டு பேரு நிக்கிறாங்க. சாவியத் திருப்புனா கெழட்டு யாக் மாதிரி முனகுது. சனிக்கெழம ஆயில் மாத்துனது இந்த பாகாஸ். நல்லத வித்துட்டு சாக்கடைய ஊத்திருக்கான். திருடனுக்கா பொண்ணு குடுப்பேன்?"

மெக்கானிக் பாகாஸ் தொப்பியைக் கையில் கசக்கினான். "நான் ஊத்துனது 5W-30. மிச்சம் இந்தா இருக்கு."

"மைனஸ் அம்பதத் தாங்குற ஆயில் போட்டும் ஓடலேன்னா உன் வேன்தான் கெழடு!" என்று நுர்ஜாத் அண்ணன் மேல் பாய்ந்தாள். "அவர ஏன் திட்டுற?"

சய்ரா கிண்ணத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். தேநீர்த் தட்டைச் சாய்த்து வைத்து, பாகாஸின் டின்னிலிருந்து ஒரு துளி, வேனில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியிலிருந்து ஒரு துளி வைத்தாள். மைனஸ் இருபத்தெட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் குனிந்தோம். முதல் துளி, தூக்கத்தில் நடப்பவரைப் போல, மெல்லக் கீழே இறங்கியது. இரண்டாவது இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தீங்களா!" மமிர் குதித்தார். "காட்டுறது ஒண்ணு, ஊத்துனது ஒண்ணு!"

"பொறு. டொலோத், நேத்து காலையில வண்டி எடுத்தியா?"

"எடுத்தேன். பெரியப்பா வீட்டு விருந்துக்கு. ஒரே திருப்புல கெளம்புச்சே."

சய்ரா தன் ஏட்டைப் புரட்டினாள். "நேத்து காலையில மைனஸ் இருபத்தேழு. சனிக்கெழம ஊத்துனது இந்தக் களியா இருந்தா நேத்தே முனகிருக்கும். அப்ப, விருந்துக்குப் போய் வந்த பெறகு யாரோ மாத்திருக்காங்க." அவள் குரல் தணிந்தது. "மைனஸ் அம்பதுன்னு என் ஏட்டுல ஒரு நாளும் கெடயாது. நீ சொன்ன அம்பது எங்கருந்து வந்துச்சு நுர்ஜாத்?"

நுர்ஜாத்தின் முகம் வெளுத்தது.

"நான் வாங்குன டின்னுல இருந்துச்சு எஜே. 20W-50. மைனஸ் முப்பத்திநாலு வரும்னு நீங்கதான் ரேடியோவுல சொன்னீங்க. இவரு ஊத்துனதுல மைனஸ் முப்பதுதான் போட்டிருந்துச்சு. அண்ணன் கணவாயில மாட்டிக்கும்னு பயந்து, அது தூங்கறப்ப நானே மாத்திட்டேன்."

"அது மைனஸ் இல்லம்மா, சும்மா ஒரு கோடு," என்றாள் சய்ரா. "குளிருக்குப் பாக்க வேண்டியது W-க்கு முன்னால உள்ள நம்பர். அது சின்னதா இருந்தாதான் ஆயில் குளிர்ல ஓடும். பின்னால உள்ளது எஞ்சின் சூடான பெறகு."

"ஐயோ, நானும் அப்படித்தானே வாங்குறேன்!" என்றார் மமிர். சிரித்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

டொலோத் தரையைப் பார்த்தான். நுர்ஜாத்தின் கை தானாகவே தோட்டைக் கழற்றப் போனது. "ஒங்க வேலைய நம்பாம நான்..."

"வேனுக்கு அடியில நீயா படுத்த?" என்றான் பாகாஸ். "இந்தக் குளிர்லயா? ஆயில் வடிக்கிற அடி போல்ட்ட எந்தப் பக்கம் திருப்புன?"

"நீங்க காட்டுன பக்கந்தான்."

"அப்ப கைய எடு தோட்டுலருந்து."

"எப்பக் காட்டுனான்?" என்றான் டொலோத். பாகாஸ் அதற்குள் தன் டின்னோடு வேனுக்கு அடியில் புகுந்துவிட்டான்.

ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. இருவரும் கரகோலுக்குக் குடிபோய்ப் பட்டறை வைத்தார்கள். அங்கே வேனுக்கு அடியில் படுப்பது பெரும்பாலும் அவள்தானாம். டொலோத் மமிரின் மைத்துனியைக் கட்டிக்கொண்டான். சய்ரா எஜேவை பாலிக்சிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்திருப்பவர் குளிரைத் தவிர வேறெதையும் கவனிப்பதில்லை. நஷ்டம் எங்கள் தெருவுக்குத்தான்.