கேமராவை விட்டு நகராதே!

'டிர்ர்ர்ர்...'

எக்ஸ்ரே அறையில் செல்போன் அதிர்ந்தபோது மணி பதினொன்று பத்து.

அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டெக்னீஷியன் அவள். மேஜையில் ஒரு முழங்கால் படம் பிடிக்கக் காத்துக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றி எடுத்துப் பார்த்தாள்.

மாமனார்!

வேலை நேரத்தில் தொந்தரவு பண்ணாத மனிதர். புருஷன் நடுக்கடலில், கப்பல் வேலையில். வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான்.

"என்ன மாமா?"

"வீட்டுக்கு வராதேம்மா..." குரல் இல்லை. வெறும் காற்று.

"சத்தமா பேசுங்க மாமா. கேக்கல."

"வராதே! ஃப்ரெண்டு வீட்ல எங்கயாவது தங்கிக்கோ. நான் எப்படியோ போறேன். நீயாவது..."

டொக்!

திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

சக டெக்னீஷியனிடம் முழங்காலை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

*

வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பட்டப்பகலில் திரைச்சீலைகள் இழுத்து விடப்பட்டிருந்தன.

சாவியைத் திருகி உள்ளே பாய்ந்தாள்.

"மாமா!"



உள் அறையில் நீல வெளிச்சம்.

கம்ப்யூட்டர் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். இல்லை, யாரோ ஆணியடித்து உட்கார வைத்தது போல இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

திரையில் ஒரு போலீஸ் அதிகாரி!

முறுக்கு மீசை. தோளில் நட்சத்திரங்கள். பின்னால் ஃபைல் அலமாரி.

"என்ன சார், கண்ணு அந்தப் பக்கம் போகுது?" மீசை உறுமியது. "ரூம்ல யாரு?"

"யா... யாரும் இல்லீங்க ஐயா."

ரயிலில் கார்டாக முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தவர். யூனிஃபார்ம் போட்டவனிடம் வாழ்க்கையில் அன்றுதான் முதல் பொய் சொன்னார்.

இடது கை மட்டும் மேஜைக்குக் கீழே இறங்கியது. கசங்கிய பேப்பர் ஒன்றை அவள் பக்கம் நீட்டியது.

பென்சிலில் கோணல் எழுத்து. 'உன் பேரும் லிஸ்ட்ல இருக்கு. ஓடிடு.'

அவள் ஓடவில்லை. நேராகக் கேமரா முன்னால் வந்து நின்றாள்.

"யாரு சார் நீங்க?"

"ஓ... மருமகளா? நல்லதாப் போச்சு. உங்க ரெண்டு பேர் பேர்லயும் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கு. இந்த நிமிஷத்துலேர்ந்து நீயும் கைதி. உக்காரு!"

"எந்த ஸ்டேஷன்?"

"ஏய்! கேள்வி கேக்கறது நாங்க!"

அப்போதுதான் கவனித்தாள்.

மாமனாரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. யாரும் மவுஸைத் தொடவில்லை.

ஆனால், திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது!

மெதுவாக... குடும்பப் போட்டோக்களைத் திறந்து... மூடி... பாங்க் பக்கத்தை நோக்கி...

பாம்பைப் பார்த்தவள் போல ஒரு அடி பின்வாங்கினாள். அடுத்த நொடி குனிந்து எல்லா ஒயர்களையும் ஒரே பிடியில் பிடுங்கினாள்.

இருட்டு!

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டே?" மாமனார் அலறினார். "கேமராவை விட்டு நகர்ந்தா உன்னை இழுத்துட்டுப் போயிடுவேன்னாரும்மா! காலையில ஆறு மணிலேர்ந்து பாத்ரூம்கூடப் போகாம உக்காந்திருக்கேன்! அவர் எழுந்து போன ஒரு நிமிஷத்துலதான் உனக்குப் போன் பண்ணிட்டு ஆஃப் பண்ணினேன்!"

"மாமா, கம்ப்யூட்டர்ல வந்து எந்தப் போலீஸும் கைது பண்ணாது. இது மோசடி. நம்ம கம்ப்யூட்டரை அவங்க அங்கேர்ந்தே ஓட்டறாங்க."

"சீல் வச்ச பேப்பர் காட்டினாரே..."

"சீல் யார் வேணும்னாலும் செய்யலாம் மாமா. வேற என்ன சொன்னான்?"

மாமனார் கையைக் காட்டினார். கட்டில் மேல் ஒரு துணிப்பை. முடிச்சுப் போட்டுத் தயாராக.

"உன் மாமியாரோட நகை. சரிபார்த்துட்டுத் தர்றேன்னாரு. வாங்கிட்டுப் போக ஆள் வருது."

"எப்போ?"

'டிங் டாங்!'



கூடவே ஹாலில் லேண்ட்லைன் அலறியது. அவள் ரிசீவரைப் பிடுங்கினாள்.

"கதவைத் தொறக்காதீங்க மேடம்!"

மீசைக்காரனின் குரல்! ஆனால், உறுமல் இல்லை. அவசரமான கிசுகிசுப்பு.

"நீ... நீயா?"

"நானேதான். வீட்டு நம்பர் காலையில சாரே சொன்னார். மீசை ஒட்டு மேடம். மேடை நடிகன். நல்ல குரல் இருக்கறவங்க தேவைன்னு விளம்பரம் பார்த்து வந்தேன். அடைச்சு வச்சிட்டாங்க. எட்டுப் பேர் இருக்கோம். பேசலைன்னா அடி. எங்களுக்குக் காவல் நிக்கறவன்தான் இப்ப உங்க வாசல்ல நிக்கறான். போன வீட்டுல பையைத் தரமாட்டேன்னு சொன்ன கெழவரைக் கத்தியால கீறிட்டு வந்தான்!"

"உன்னை எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் மேடம். தொறக்காம இருங்க. அது போதும்!"

வாசலில் ஒரு சத்தம்.

க்ளிக்.



அவசரத்தில் சாவியைக் கதவின் வெளிப்பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தாள்!

பூட்டு திரும்பியது. கதவு விரலளவு திறந்தது. இடைவெளியில் ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி, கதவு விளிம்பில் நாலு விரல்.

"சார்... ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன்," என்றது தேன் தடவிய குரல்.

அவளுக்குக் கால் நகரவில்லை.

அவளைத் தாண்டிக்கொண்டு ஓர் உருவம் பாய்ந்தது.

மாமனார்!

ஐந்து மணி நேரம் அசையாதிருந்த அந்த உடம்பு முழு பாரத்தோடு கதவில் மோதியது. வெளியே விரல் நசுங்கிய ஊளை. கை மறைந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

"கெழவா! தொறடா!"

தட்! தட்! தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று தெறித்து அவள் காலடியில் உருண்டது.

"பீரோவைத் தள்ளும்மா!"

தள்ளினார்கள். பீரோ நகர்ந்தது. கதவும் நகர்ந்தது!

அவள் ஒரு கையால் பீரோவை முட்டுக்கொடுத்தபடி மறு கையால் போலீஸை அழைத்து முகவரியைக் கத்தினாள். மாமனார் ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கூவினார்.

"திருடன்! வாசல்ல கத்தியோட நிக்கறான்! விடாதீங்க!"

எதிர்ச் சாரத்திலிருந்து ஆறு பேர் கொத்தனார் கரண்டியும் கம்பியுமாக இறங்கினார்கள்.

ஹெல்மெட் பைக்கை நோக்கி ஓடியது. பைக்கின் மீது ஒரு தட்டு சிமென்ட் கலவை விழுந்தது. அதன் மீது ஹெல்மெட்காரன் விழுந்தான். அவன் மீது மற்றவர்கள் விழுந்தார்கள்.

*

சாயந்திரம். நிஜமான போலீஸ் ஸ்டேஷன்.

பிடிபட்டவனின் செல்போனைக் கொண்டு அந்தப் பூட்டிய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே எட்டுப் பேர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஃபைல் அலமாரி வெறும் துணியில் அச்சடித்த படம்.

மீசைக்காரனை அழைத்து வந்தார்கள். நாற்பத்தைந்து வயசு. மேலே நட்சத்திரம் வைத்த யூனிஃபார்ம், கீழே கசங்கிய கைலி. கன்னத்தில் பழைய அடியின் கறுப்பு.

அவளுக்கு அவன் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. நன்றி சொல்லவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மாமனாரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.



"எம் மருமகளைக் கொண்டு போயிடுவேன்னு சொன்னியேப்பா," என்றார் மாமனார் மெல்ல. "அதைத்தான் தாங்க முடியலை."

மீசைக்காரன் நிமிரவில்லை. "மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் இல்லீங்க ஐயா."

"மன்னிப்பெல்லாம் கோர்ட்ல," என்றார் பெண் இன்ஸ்பெக்டர், பேனாவைத் திறந்தபடி. "கடைசி நேரத்துல எச்சரிக்கை பண்ணினதை எழுதறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நாள் முழுக்க போனும் கையுமா இருந்திருக்கே. சந்து கிடைச்சப்போ எங்களைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லே?"

"கூப்பிட்டேனே மேடம்! போன வாரமே!"

"அப்புறம்?"

மீசைக்காரன் தலையைச் சொறிந்தான்.

"'யார் பேசறது'ன்னு கேட்டாங்க மேடம். பழக்கதோஷத்துல... 'கமிஷனர் பேசறேன்'னு சொல்லித் தொலைச்சிட்டேன்!"