ஸ்லைடில் நீல மை

"நான் திருடியா சார்?" என்று கேட்டுக்கொண்டே அந்த மருத்துவ மாணவி உள்ளே நுழைந்தாள். துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மைத்துனர், எந்த வழக்கென்றாலும் முதல் ஆளாக மூக்கை நுழைப்பவர், கதவைச் சாத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். கல்லூரியில் கோடை விடுமுறை ஆய்வுப் பயிற்சி. சேர்ந்தவர்கள் இரண்டே பேர்: இவளும், பயிற்சி நடத்தும் பேராசிரியரின் அக்கா மகனும். நன்றாக வேலை செய்தவருக்குப் பெரிய ஆய்வு நிலையத்தில் ஓர் இடம். இவள் விடுமுறை முழுக்க ஈரல் திசுவை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றினாள். அக்கா மகனான இளவரசரோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்தார். நேற்றுப் பார்த்தால், ஸ்லைடுகளில் இவள் பென்சிலால் எழுதியதெல்லாம் அழிந்து, நீல மையில் அவன் பெயர். "இது என்னோடது" என்று சொன்னதற்கு, பேராசிரியர் இவளையே திருடி என்றுவிட்டார்.

"நாளைக்கு என்னை நீக்கறாங்க சார். அப்புறம் எந்த ஆய்வகமும் என்னை வாசல்லகூட நிக்க விடாது."

"சாயம் ஏத்தினதும் என்ன பண்ணுவீங்கம்மா?"

"ஸ்பிரிட்ல மாத்தி மாத்தி முக்கணும் சார். தண்ணி சுத்தமாப் போனப்புறம்தான் மேல கண்ணாடி ஒட்டலாம்."

"அத்தான், கைரேகை எடுத்துடலாமா?" என்று துள்ளினார் மைத்துனர்.

"வேண்டாம் மாப்ளே. சட்டையைப் போடு, கிளம்பலாம்."

பேராசிரியரின் அறைச் சுவர் முழுக்க அவரே சிரித்துக்கொண்டிருந்தார். மாலையோடு, கேடயத்தோடு, அமைச்சர்களோடு. மூலையில் மைக்ராஸ்கோப்பின் உறைமேல் தூசி விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. அக்கா மகன் கடை மடிப்புகூடக் கலையாத வெள்ளைக் கோட்டில், பையில் நீலப் பேனாவோடு, மேசைமேலிருந்த ஸ்லைடுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். பார்த்தவுடனே மைத்துனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரி இருக்கே. எது எந்த நோயாளியோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று துப்பறிவாளர் அப்பாவியாகக் கேட்டார்.

"முதல்லயே பேரும் நம்பரும் எழுதிடுவேன் சார். அப்புறம்தான் சாயத்துல போடுவேன். இல்லேன்னா கலந்துடுமே?"

"இந்தப் பேனாவாலயா?"

"இதே பேனாதான்."

"பாத்தீங்களா, எவ்வளவு முறையா வேலை செய்யறான்!" என்று மாமன் பூரித்தார்.

துப்பறிவாளர் புது ஸ்லைடு ஒன்றை நீட்டி, பெயரை எழுதச் சொன்னார். இளவரசர் கொட்டை எழுத்தில் எழுதினார். மேசைமேலிருந்த ஸ்பிரிட் ஜாடியில் அதை முக்கினார் துப்பறிவாளர். மை இழை இழையாகப் பிரிந்தது. வெளியே எடுத்தபோது வெறும் கண்ணாடிதான் இருந்தது.

"ஸ்பிரிட்ல மை நிக்காது. அதனாலதான் இந்த வேலையில பென்சில். பெட்டியில உங்க பேர் அழியாம இருக்குன்னா, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் எழுதினது. வேலை செஞ்ச கை உங்களோடது இல்ல."

அக்கா மகன் முகத்தில் அசடு வழிந்தது. "மாட்டினாண்டா!" என்று மைத்துனர் கையைத் தட்டினார். துப்பறிவாளரோ பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு நாள் சாயம் ஏத்தினவங்களுக்குக்கூட இது தெரியும். நீங்க ஸ்லைடைப் பாத்தீங்க. தெரிஞ்சும் மறைச்சீங்கன்னா நீங்க கூட்டுக் களவாணி. தெரியலேன்னா, தொட்டே பார்க்காத வேலைக்கு இத்தனை வருஷமாப் பயிற்சி கொடுத்திருக்கீங்க. கல்லூரி முதல்வர்கிட்ட நான் எதைச் சொல்லட்டும்?"

எதில் அவமானம் குறைவு என்று பேராசிரியர் கணக்குப் போடுவதை மைத்துனர் கண்ணாரக் கண்டார். இப்படியும் ஒரு பிறவியா என்று அருவருப்பாக இருந்தது.

"எனக்கு... தெரியாது."

"காதுல விழல."

"தெரியாதுங்க!"

மாணவி ஸ்லைடுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆய்வு நிலையத்துக்கான சிபாரிசுத் தாளைப் பேராசிரியர்முன் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். எங்க போடணும்னு தெரியலேன்னா, நான் சொல்லித் தர்றேன்."

பேராசிரியர் அவள் விரல் காட்டிய இடத்தில் போட்டார்.