இருநூற்றுப் பதினேழாம் ஆணி

டெர்லின் பள்ளத்தாக்கில் மழைக்கு ஒதுங்க மூன்றே இடம்தான் உண்டு: மதுக்கடை, ஜெபக்கூடம், சுரங்கம். பிள்ளைகளோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் கடைசியில் சுரங்கத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். மேலே உணவகத்தில் திராட்சை போட்ட ரொட்டியைக் கல்லில் சுடும் வாசனை. கீழே தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருட்டு. ஒரு நாள் பொழுது கழிந்துவிடும்.

அந்த ஆகஸ்ட் மதியம் மெரெரிட் பெய்னன் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலைக்கு வந்தபோது, வாசலில் மேலாளர் ஜூலியன் ஒரு புதுப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். சிவப்புக் கண், கரி பூசிய முகம், வாயில் புகைக்குழாய். கீழே கொட்டை எழுத்தில்: "புகைக்காரப் பெய்னன் இன்னும் கீழேதான் இருக்கிறான்."

அவள் நின்று பார்த்தாள். பலகையில் இருந்தவர் அவளுடைய எள்ளுத்தாத்தா.

கூண்டு வாசலைப் பார்த்துக்கொள்ளும் இவோர் பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வருஷம் நிலக்கரி வெட்டியவர். சுரங்கம் மூடிக் காட்சியிடமாக ஆன பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகாதவர்.

"பாத்தியா கண்ணு, உங்க ஆளுக்குப் பைப்பு குடுத்திருக்கான்."

"அவரு புகைக்கவே மாட்டாருல்ல மாமா."

"பைப்ப எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. வாய் நிறையப் புகையிலைதான். ஜெபக்கூடத்துல பிரசங்கம் முடியற வரைக்கும் அடக்கி வச்சிருந்துட்டு, பாதிரியாரு செருப்புக்கு ஒரு அடி தள்ளித் துப்புவாராம். குறி தப்பாது."

ஜூலியன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "மெரெரிட், இன்னிக்கு நானும் கூட வர்றேன். எழுதிக் குடுத்ததை அப்படியே சொல்லணும். போன வாரம் மூணு தடவை விட்டுட்டே. இன்னொரு தடவை விட்டா உனக்கு இங்க வேலை இல்ல."

"எழுதினது பொய், ஜூலியன்."

"விசாரணை அறிக்கையிலயே இருக்கு."

"விசாரிச்சவங்க முதலாளி வீட்டு விருந்தாளிங்க."

"அதை உன் பட்டப்படிப்போட வச்சுக்க. ஜனங்க பயப்பட வர்றாங்க, பரீட்சை எழுத இல்ல."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் இந்தச் சுரங்கம் வெடித்து முப்பத்தொரு பேர் செத்தார்கள். எப்ராயிம் பெய்னனின் உடல் கிடைக்கவில்லை. கோட்டு மட்டும் கிடைத்தது. அதன் பையில் ஒரு தீக்குச்சி இருந்தது, அவர் புகை பிடிக்கப் போய்த்தான் வாயு வெடித்தது என்று அறிக்கை எழுதினார்கள், வழக்கு முடிந்தது. அன்றிலிருந்து ஜெபக்கூடத்தில் பெய்னன் குடும்பத்துப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மெரெரிட்டின் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் "தீக்குச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவளையும் அப்படித்தான். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன அவள், ஆவணக் காப்பகத்தில் மேற்பார்வையாளரின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். வெடிப்புக்கு முந்தின ஞாயிறு முழுக்க, சுரங்க வாயுவை வெளியேற்றும் காற்றாடியை நிறுத்தியிருந்தார்கள். திங்கள் காலைக் குறிப்பு: "வாயு இருக்கிறது என்கிறான் பெய்னன். இறங்கச் சொன்னேன்." அதே வரி மூன்று முறை இருந்தது.

அந்தத் தீக்குச்சிப் பொய்யைத்தான் ஒரு நாளைக்கு ஆறு முறை அவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள்.

விளக்கறையில் இவோர் எல்லோருக்கும் தலைவிளக்கு கொடுத்து, கீழே பொறி கிளம்பிவிடாமலிருக்கக் கைபேசி, கைக்கடிகாரம், தீப்பெட்டி வாங்கி வைத்தார். பிறகு ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை கொடுத்தார். பழைய நாளின் வழக்கம் அது. சுவரில் எண் போட்ட ஆணிகள் இருக்கும். இறங்குகிறவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் மாட்டுவான். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். விருந்தாளிகள் பதினெட்டுப் பேர், மெரெரிட், ஜூலியன். இருபது வில்லைகள் போயின. இருநூற்றுப் பதினேழாம் ஆணி எப்போதும்போல வெறுமையாக இருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

கூண்டு இறங்கியது. ஈரமரமும் துருவும் கலந்த காற்று கீழிருந்து வந்து முகத்தில் அப்பியது. பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

பழைய குதிரை லாயத்துக்குப் பக்கத்தில், சுரங்கம் அகலும் இடத்தில், அவள் எல்லோரையும் நிறுத்தினாள்.

"இப்ப எல்லாரும் தலைவிளக்கை அணைச்சிடுங்க."

ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த இருட்டில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். எங்கோ தண்ணீர் சொட்டியது. யாரோ ஒரு பெண் தன் பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டதில் மழைச்சட்டை சரசரத்தது.

ஜூலியன் தொண்டையைச் செருமினார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். வேலை போனால் இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்த வேலை எங்கே என்றும் தெரியும்.

"எப்ராயிம் பெய்னன்னு ஒருத்தன் இருந்தான்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஒரு இழுப்புப் புகைக்காக—"

த்தூ.

ஈரமான, கனமான சத்தம். அவள் காலுக்கு ஒரு அடி முன்னால்.

"யாருங்க அது துப்பினது?" என்று ஒரு பெண் கேட்டாள். மெரெரிட் தன் விளக்கைப் போட்டாள். தரையில் பழுப்பாக ஒரு கறை, பளபளவென்று. குனிந்தாள். புகையிலையின் காரமான, அழுகல் இனிப்பு வாசனை.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. வெட்கம்.

"அணை. மேல சொல்லு," என்றார் ஜூலியன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அணைத்தாள். "நான் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"அந்தப் பொய்யை இனிமே சொல்ல மாட்டேன். வேணும்னா நீங்களே சொல்லுங்க."

இருட்டில் ஜூலியன் பல் தெரியச் சிரிப்பது அவர் குரலில் கேட்டது. "சரி, நானே சொல்றேன். நண்பர்களே, முப்பது பேரைத் தன்னோட சேர்த்துக் கொன்ன ஆளோட கதை இது."

மெல்லும் சத்தம் கேட்டது.

மெதுவாக, அவசரமில்லாமல், ஒரு தாடை அசைபோட்டது. பின்சுவரில் தொடங்கி, கூட்டத்தின் நடுவே நகர்ந்தது. ஒவ்வொருவராக மூச்சை இழுத்து வழிவிடுவது தெரிந்தது.

"அம்மா," என்று ஒரு சிறுமி கிசுகிசுத்தாள், "ஒரு தாத்தா என்னை இடிச்சிட்டுப் போறாரு."

"விளக்கைப் போடுங்க," என்றார் யாரோ.

சொடுக்கும் சத்தங்கள் கேட்டன, பத்து, பதினைந்து.

ஒரு விளக்கும் எரியவில்லை.

ஜூலியன் நிறுத்தவில்லை. பயந்தவன் சத்தம் போடுவது போல வேகவேகமாகச் சொன்னார்: "அவன் கோட்டுப் பையில தீக்குச்சி இருந்தது, அவன் ஒரு—"

மெல்லும் சத்தம் நின்றது.

அவர் முகத்துக்கு நேராக நின்றது. அவர் பேச்சும் அங்கேயே நின்றது. மெரெரிட்டுக்கு ஓட இடமில்லை. ஓட அவளுக்கு மனசும் இல்லை. நூறு வருஷமாக இந்தக் குடும்பம் தலையைக் குனிந்தது போதும்.

"எப்ராயிம் பெய்னன் புகைக்க மாட்டாரு," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "வாயு இருக்குன்னு மூணு தடவை சொன்னாரு. மூணு தடவையும் இறங்குன்னாங்க. காற்றாடியை நிறுத்தினது முதலாளி. செத்தது இவங்க. நான் அவரோட எள்ளுப்பேத்தி. எம் பேரும் பெய்னன்தான்."

தண்ணீர் சொட்டியது. ஒரு முறை. இரண்டு முறை.

த்தூ.

எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

ஜூலியன் சுவரோடு ஒட்டி நின்றார். நெற்றியிலிருந்து தாடை வரை பழுப்பு எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட அவர் கை எழவில்லை.

மேலே வந்ததும் இவோர் வில்லைகளை வாங்கி எண்ணினார். நிறுத்தி, மறுபடி எண்ணினார்.

"இருபது குடுத்தேன் கண்ணு. இருபத்தொண்ணு வந்திருக்கு."

கடைசி வில்லை கறுத்துப் போயிருந்தது. மெரெரிட் கையில் எடுத்தபோது, யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தது போலச் சூடு. கட்டைவிரலால் தேய்த்தாள். இரண்டு. ஒன்று. ஏழு.

அதைக் கொண்டுபோய் அதன் ஆணியில் அவளே மாட்டினாள். "வீட்டுக்குப் போங்க தாத்தா," என்றாள்.

அன்று சாயங்காலம் ஜூலியனிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் தலைக்கவசத்தோடு வாசலில் நின்றாள்.

பலகையில் புகைக்குழாய் இருந்த இடத்தில் பழுப்புக் கறை. அதிலிருந்து "புகைக்காரப்" என்ற சொல்லை மட்டும் மூடிக்கொண்டு ஒரு கோடு வழிந்திருந்தது.

"நாலு தடவை கழுவிட்டேன்," என்றார் இவோர். "போகல."

முதல் குழு வரிசையில் நின்றது. ஜூலியன் கூண்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று அதையே பார்த்தார். கிட்டே வரவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மெரெரிட். "நான் சொல்றதுதான் கதை. வேற கதை வேணும்னா, நீங்க இறங்கி வந்து சொல்லுங்க."

அவர் திரும்பி அலுவலகத்துக்கு நடந்தார்.

வில்லை எடுக்க விளக்கறைக்குப் போனவள் சுவரைப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழாம் ஆணி வெறுமையாக இருந்தது.

இவோரும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

பத்தொன்பது பேர் கூண்டில் ஏறினார்கள். கதவைச் சாத்துமுன், கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திர அறையிலிருந்து தொலைபேசி அடித்தது. இவோர் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் மெரெரிட்டுக்கும் கேட்டது.

"எத்தனை பேருன்னு சொன்ன? இங்க இன்னொரு ஆள் கனம் காட்டுது."

"இருக்கட்டும்," என்றார் இவோர். "அவரு வேலைக்குப் போறவரு. இறக்கு."

கூண்டு இறங்கியது. வெளிச்சம் தலைக்கு மேலே சுருங்கி ஒரு புள்ளியாகி மறைந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாமல், யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.